சம்பளக்காரன் கைக்குத் துவக்கு வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் மாலை வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தரம் பத்து மாணவன் ஒருவன் பின்னால் வந்து நின்றான். "சேர், ஒரு கேள்வி. பாடத்தில உள்ளது இல்ல" என்றான். யூடியூபில் ஓர் அமெரிக்கரைப் பார்த்திருக்கிறான். வீட்டின் நிலவறையில் சுவர் முழுக்கப் பழைய இராணுவத் துவக்குகளாம். ஒவ்வொன்றாக எடுத்து, இது எந்த நாடு, எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை என்று விளக்குகிறாராம். விடுமுறை நாட்களில் அவற்றைக் கொண்டுபோய்ச் சுட்டுப் பழகுகிறாராம்.

"அவர் பஸ் ஓட்டுற ஆளாம் சேர். அவருக்கு எப்படி இவ்வளவு துவக்கு வாங்கச் சல்லி?"

"அதற்கு ஒரு பதிவே எழுத வேண்டும் மகன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதிவுதான் இது.

நம் பகுதியில் துவக்கு என்றால் பொலிஸ், இராணுவம், இல்லாவிட்டால் பன்றி விரட்டுவதற்காக அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் கமக்காரர். பொழுதுபோக்காகத் துவக்கு சேர்ப்பதும், காகிதத்தில் வட்டம் கீறிச் சுடுவதும் துரைமாரின் வேலை என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். ஒரு காலத்தில் பிரித்தானியாவிலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. பிறகு எப்படி அது ஒரு தொழிலாளிக்கும் தபால்காரருக்கும் பஸ் சாரதிக்கும் கட்டுப்படியானது? இந்தக் கதைக்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு தொடக்கம் இருக்கிறது.

தியத்தலாவையில் இருந்த விவசாயிகள்

பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்குப் போகும்போது தியத்தலாவையைக் கடக்காத ஆள் நம்மில் இல்லை. இன்றும் அது இராணுவ நகரம். 1900 ஓகஸ்டிலிருந்து அங்கே முட்கம்பி வேலிக்குள் தகரக் குடில்களில் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட போர்க் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். போயர்கள். இலங்கை முழுவதிலுமாக அவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். தியத்தலாவைதான் பிரதான முகாம். ராகமை, அம்பாந்தோட்டை போன்ற இடங்களிலும் சிறிய முகாம்கள் இருந்தன.

அவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்கும் சிப்பாய்கள் அல்லர். மாடு வளர்த்தவர்கள், சோளம் பயிரிட்டவர்கள். டிரான்ஸ்வால் குடியரசின் சட்டப்படி 16 வயதிலிருந்து 60 வயது வரையான ஒவ்வொரு வெள்ளையினக் குடிமகனும், அழைப்பு வந்தால் சொந்தக் குதிரையோடும் துவக்கோடும் 30 ரவைகளோடும் வந்து நிற்க வேண்டும். அவர்களுக்குத் துவக்கு மண்வெட்டி போல ஒரு வீட்டுச் சாமான். இறைச்சிக்காகச் சிறுவயதிலிருந்தே மான் சுட்டுப் பழகியவர்கள். இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அதே துவக்குகள்தான் அந்த மண்ணின் கறுப்பின மக்களின் நிலத்தைப் பறிக்கவும் பயன்பட்டன. அந்த மக்கள் துவக்கு வைத்திருப்பதைச் சட்டம் தடுத்தும் வைத்திருந்தது.

1899 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் மூன்று சண்டைகளில் பிரித்தானியப் படை இந்த விவசாயிகளிடம் தோற்றது. ஸ்டோர்ம்பேர்க், மகர்ஸ்ஃபொன்டெய்ன், கொலென்சோ. அந்த வாரத்தை "கறுப்பு வாரம்" என்றே பிரித்தானியர் அழைத்தார்கள். கொலென்சோவில் காயப்பட்டு இறந்தவர்களில் ஒருவர், ஃபீல்ட் மார்ஷல் லோர்ட் ரொபர்ட்ஸின் ஒரே மகன். மகனை இழந்த அந்தத் தகப்பனையே தென்னாபிரிக்காவுக்குத் தலைமைத் தளபதியாக அனுப்பினார்கள். இலங்கையிலிருந்தும் குதிரைப்படைப் பிரிவு ஒன்று அந்தப் போருக்குப் போனது.

லண்டனில் எழுந்த கேள்வி இதுதான். உலகின் பெரிய சாம்ராச்சியத்தின் சிப்பாய்க்கு இலக்குத் தவறுகிறது, மாடு மேய்ப்பவனுக்குத் தவறுவதில்லை. ஏன்?

பணக்காரரின் மைதானம்

பிரித்தானியாவில் சுடும் விளையாட்டு இருக்கத்தான் செய்தது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதலாவது போட்டி 1860 ஜூலையில் விம்பிள்டனில் நடந்தது. தாங்கியில் பூட்டி வைத்த துவக்கின் விசையில் ஒரு பட்டு நூலைக் கட்டியிருந்தார்கள். அதை இழுத்து முதல் வேட்டைத் தீர்த்தவர் விக்டோரியா மகாராணி. 1890இல் அந்தப் போட்டிகள் பிஸ்லி என்ற இடத்துக்கு மாறின.

ஆனால் அது யாருக்குக் கட்டுப்படியாகும்? இராணுவ ரைஃபிளின் ரவை ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். ஆகவே மைதானம் ஊருக்கு வெளியே பெரும் வெளியில் இருக்க வேண்டும். புதிய ரைஃபிள்களின் தூரம் கூடியதும், ஊர்களுக்கு அருகில் இருந்த பழைய மைதானங்கள் பல மூடப்பட்டன. தொழிற்சாலையில் வேலை செய்பவன் சுடப் போவதென்றால் ரயில் காசு, ஒரு நாள் சம்பள இழப்பு, துவக்கின் விலை, ரவையின் விலை என நான்கு செலவு. இவற்றில் ஒன்றையே தாங்க முடியாதவனுக்கு நான்கும் சேர்ந்து வந்தன.

1900இல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு, நாடு முழுக்க ரைஃபிள் கழகங்கள் வர வேண்டும் என்று பேசினார். 1901இல் "உழைக்கும் மக்களின் ரைஃபிள் கழகங்களின் சங்கம்" என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு தொடங்கியது. சில ஆண்டுகளில் "மினியேச்சர் ரைஃபிள் கழகங்களின் சங்கம்" ஆனது. போரிலிருந்து திரும்பிய லோர்ட் ரொபர்ட்ஸ் தன் முதுமைக் காலத்தை இந்த வேலைக்கே கொடுத்தார்.

பெயரில் உள்ள "மினியேச்சர்" என்ற சொல்லில்தான் விசயம் இருக்கிறது.

சிறிய ரவை, சிறிய செலவு

சுண்டுவிரல் நுனியை விடச் சிறிய ஒரு ரவை இருக்கிறது. விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர். "பொயின்ட் டூ டூ" என்பார்கள். 1845 அளவில் பிரான்சில் ஃப்ளோபேர் என்ற துவக்குச் செய்பவர், வீட்டு அறைக்குள் விளையாட்டாகச் சுடுவதற்கென்று இதன் மூதாதையை உருவாக்கினார். 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் அதை விருத்தி செய்தது. 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த வடிவம்தான் இன்று வரை உலகில் அதிகம் சுடப்படும் ரவை.

இதில் வெடிமருந்து மிகக் கொஞ்சம். பெரிய ரவைக்குப் பின்புறம் தனியாக ஒரு வெடிமூடி பொருத்த வேண்டும். இதற்கு அது தேவையில்லை; பற்றவைக்கும் இரசாயனத்தை விளிம்பிலேயே வைத்துவிடுகிறார்கள். ஆகவே இலட்சக்கணக்கில் மலிவாகச் செய்யலாம். சத்தமும் உதைப்பும் குறைவு. 25 யார் நீளமும், முடிவில் நல்ல இரும்புத் தகடோ மணல் மேடோ இருந்தால் போதும். பண்டசாலை, தொழிற்சாலை நிலவறை, ஊர் மண்டபம் என எங்கேயும் சுடலாம். வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் சுடலாம். ரயில் காசும் இல்லை, சம்பள இழப்பும் இல்லை.

நான்கு செலவில் இரண்டு ஒழிந்தது. மூன்றாவதான ரவையின் விலை மிகவும் குறைந்தது. மிச்சம் துவக்கின் விலை.

அதற்கு அவர்கள் செய்தது நமக்குப் பழக்கமான வேலைதான். சின்ன வயதில் எங்கள் ஊர் கிரிக்கெட் அணியில் பதினொரு பேருக்கு ஒரு மட்டை. காசு போட்டு வாங்கியது. யார் வீட்டில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கழகங்களும் அப்படித்தான். ஆளுக்கு வாரம் சில பென்ஸ் சந்தா. கழகத்துக்கு இரண்டு மூன்று ரைஃபிள்கள். சுடும் ரவைக்கு மட்டும் அவரவர் காசு. இராணுவம் கழித்துவிட்ட பழைய மார்ட்டினி ரைஃபிள்களின் குழலை மாற்றிச் சிறிய ரவைக்கு ஏற்றபடி செய்து எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. வேலை முடிந்ததும் துவக்கு கழகத்தின் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்படும்.

போட்டிக்குப் பயணம் போகவும் காசில்லை. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு கழகமும் தன் மண்டபத்திலேயே சுட்டு, சாட்சிக் கையொப்பத்தோடு இலக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பும். ஒரு நடுவர் ஓட்டைகளை அளந்து புள்ளி போடுவார். ஒரு முத்திரைச் செலவில் ஸ்கொட்லாந்துக்காரன் லண்டன்காரனோடு போட்டி போட்டான்.

பர்மிங்ஹாம் பக்கத்தில் இதைவிட மலிவான வழி ஒன்றும் இருந்தது. காற்றழுத்தத் துவக்கு. வெடிமருந்தே இல்லை. ஓர் இரும்புத் தட்டின் நடுவில் ஓர் அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு அகலத்தில் ஒரு துளை. அதன் பின்னால் ஒரு மணி. துளைக்குள் போனால் மணி அடிக்கும். தவறணைகளில் இதற்கு லீக் போட்டிகளே நடந்தன. அந்த இடம் நமக்கு ஆகாது, ஆனாலும் கணக்கைப் பாருங்கள். காசில்லாதவன் ஒரு விளையாட்டை விரும்பினால் அதன் தூரத்தைக் குறைப்பான், அளவைக் குறைப்பான், பத்துப் பேரோடு பங்கு போடுவான்.

இப்படித் தேறிய ஒருவரை மட்டும் சொல்கிறேன். மார்ஜொரி ஃபொஸ்டர். ஒரு தோழியோடு சேர்ந்து கோழிப்பண்ணை நடத்தியவர். முதலில் சிறிய ரைஃபிளில் பழகியவர். 1930இல் பிஸ்லியில் நாட்டின் மிகப் பெரிய போட்டியான மன்னர் பரிசை வென்றார். 70 ஆண்டு வரலாற்றில் அதை வென்ற முதல் பெண் அவர். இராணுவ அதிகாரி ஒருவரை ஒரே ஒரு புள்ளியால் முந்தினார். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தந்தி அனுப்பி வாழ்த்தினார்.

இது ஒரு வழி. பங்கு போட்டு மலிவாக்கும் வழி. இதன் பின்னால் அரசின் தேவையும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். அடுத்த போருக்கு ஆள் தயார் செய்யும் பயத்திலிருந்துதான் இந்தக் கழகங்களுக்கு ஆதரவு வந்தது.

போரின் மிச்சம்

இனி அந்த பஸ் சாரதியின் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் இன்னொரு வழி வளர்ந்தது.

அங்கேயும் தொடக்கம் இதே கவலைதான். உள்நாட்டுப் போரில் தங்கள் படையினர் மோசமாகச் சுட்டதைக் கண்ட அதிகாரிகள் 1871இல் தேசிய ரைஃபிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1905இல் வந்த சட்டம், இராணுவத்துக்கு மேலதிகமான துவக்குகளையும் ரவைகளையும் தகுதியுள்ள கழகங்களுக்கு அடக்க விலையில் விற்க அரசுக்கு அனுமதி கொடுத்தது. 1960களின் தொடக்கத்தில்கூட, இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட எம்-1 கார்பைனைச் சங்க உறுப்பினர் ஒருவர் 20 டொலருக்கு அரசிடமிருந்தே வாங்க முடிந்தது.

அரசு விற்றது ஒரு பங்கு. வெளிநாட்டிலிருந்து வந்தது அதைவிடப் பெரிய பங்கு. 1945இல் போர் முடிந்தபோது ஐரோப்பாவின் களஞ்சியங்களில் கோடிக்கணக்கான துவக்குகள் கிடந்தன. ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துச் சுடும் பழைய வகை அவை. படைகள் தானியங்கித் துவக்குகளுக்கு மாறிக்கொண்டிருந்தன. பழையதை வைக்க இடமும் இல்லை, காக்கக் காசும் இல்லை. சாமுவேல் கமிங்ஸ் என்ற இளம் வியாபாரி 1953இல் இன்டர்ஆர்ம்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நாடு நாடாகப் போய் இவற்றை மொத்தமாக வாங்கினார். வேர்ஜீனியாவில் அலெக்சாண்ட்ரியா நகரின் ஆற்றங்கரைப் பண்டசாலைகள் நிரம்பின.

ஒரு போருக்காக அரசுகள் வரிப்பணத்தில் செய்வித்த பொருள். செய்த செலவு எப்போதோ முடிந்துவிட்டது. இனி எந்த விலைக்கு விற்றாலும் இலாபம். புதிய வேட்டைத் துவக்கின் விலையில் ஒரு சிறு பங்குக்குப் பழைய இராணுவத் துவக்கு கிடைத்தது. சஞ்சிகையில் விளம்பரம் பார்த்து, கூப்பனை வெட்டி, காசுக்கட்டளையோடு தபாலில் போட்டால் வீட்டு வாசலுக்கு வரும். தோழமையும் தேவையில்லை, கழகமும் தேவையில்லை, யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

இந்த மலிவால் சத்தம் போட்டவர்கள் உள்ளூர்த் துவக்குத் தொழிற்சாலைகள்தான். அவை அதிகம் இருந்தது நியூ இங்கிலாந்துப் பகுதியில். அந்தப் பகுதியின் செனட்டர் ஒருவர் 1958இல், வெளிநாட்டு இராணுவத் துவக்குகளின் இறக்குமதியைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளூர்த் தொழிலைக் காப்பதே நோக்கம். அது நினைத்தபடி நிறைவேறவில்லை. அந்த செனட்டரின் பெயர் ஜோன் எஃப். கென்னடி.

1963 மார்ச்சில் டலஸ் நகரிலிருந்து ஒருவர் "ஏ. ஹிடெல்" என்ற பொய்ப் பெயரில் சிகாகோவின் கடை ஒன்றுக்குக் கூப்பன் அனுப்பினார். கேட்டது 1940இல் செய்யப்பட்ட இத்தாலிய இராணுவக் கார்கானோ ரைஃபிள். தொலைநோக்கியோடு 19.95 டொலர். தபால் செலவோடு 21.45. லீ ஹார்வி ஒஸ்வால்ட் என்ற அந்த ஆள் வசதியானவர் அல்ல. அந்த ஆண்டு ஒக்டோபரில் பாடப்புத்தகக் களஞ்சியம் ஒன்றில் மணித்தியாலத்துக்கு ஒன்றேகால் டொலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அந்தக் கணக்கில் துவக்கின் விலை இரண்டு நாள் சம்பளத்தை விடச் சற்றே அதிகம். நவம்பர் 22ஆம் திகதி அந்தக் களஞ்சியத்தின் ஆறாம் மாடி யன்னலிலிருந்து ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். ஐந்து வருடத்துக்கு முன் அவரே தடுக்கப் பார்த்த வகைத் துவக்கு அது.

அப்படியும் சட்டம் உடனே வரவில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ரொபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு, அந்த ஒக்டோபரில்தான் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கையொப்பமானது. மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துவக்கு விற்பது தடுக்கப்பட்டது. இராணுவ மிச்சத் துவக்குகளின் இறக்குமதியும் நின்றது.

பஸ் சாரதியின் சுவர்

1980களில் சட்டம் சற்றுத் தளர்ந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட பழைய துவக்குகளைச் சேகரிப்புப் பொருள்களாக இறக்குமதி செய்ய வழி திறந்தது. சேகரிப்பாளருக்கென்று தனி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. மூன்று வருடத்துக்குக் கட்டணம் 30 டொலர். அதை வைத்திருப்பவர் வாங்குவதையும் விற்பதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பிறகு சோவியத் ஒன்றியம் உடைந்தது. மொசின் நகான் என்ற ரஷ்ய ரைஃபிள் 1891இல் சேவைக்கு வந்தது. மூன்று கோடிக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. போர் முடிந்து திருத்தி, தடித்த கிறீஸ் பூசி, மரப்பெட்டிகளில் அடுக்கி, அடுத்த போருக்கென்று வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிகள் கப்பலேறின. பல ஆண்டுகளுக்கு அமெரிக்கக் கடைகளில் ஒரு மொசின் 100 டொலருக்குக் கீழே கிடைத்தது. ரவைகளும் டின்மீன் பேணி போல அடைத்த தகரப் பெட்டிகளில் 440 வீதம் வந்தன. பழைய ரவையின் வெடிமூடி உப்பை விட்டுச் செல்லும். சுட்ட அன்றே குழலைத் தண்ணீரால் கழுவாவிட்டால் துரு பிடிக்கும். காசுக்குப் பதிலாக உடம்பு உழைப்பு.

சுட்டு முடிந்த பித்தளைக் கோதைப் பொறுக்கி வந்து, வெடிமூடியும் மருந்தும் புதிதாக இட்டு மறுபடி பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு ரவையில் விலை கூடிய பகுதி அந்தக் கோதுதான். வாகனச் சில்லுக்குச் சமநிலைக்காக மாட்டும் ஈயக் கட்டிகளை உருக்கிக் குண்டு வார்ப்பவர்களும் உண்டு. வருடத்துக்கு ஒரு துவக்கு என்று இருபது வருடம் சேர்த்தால் ஒரு சுவர் நிரம்பும். அவர்களில் பலர் உண்மையான ஆர்வலர்கள். ஒரு கட்டையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்து ஆண்டும் ஊரும் சொல்பவர்கள். என்னைப் போன்ற வரலாற்று ஆசிரியனுக்கு அந்த அறிவு பொறாமை தருவது என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆக, மாணவனின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சிறிய ரவை, பங்கு போடும் கழகம், இல்லாவிட்டால் யாரோ நடத்திய போரின் மிச்சம்.

ஆனால் ஓர் ஆசிரியனாக இங்கே நிறுத்த எனக்கு மனமில்லை.

மீதி விலை

பங்கு போடும் கழக வழிக்குப் பிரித்தானியாவில் பிறகு என்ன நடந்தது? அந்த நாடு 1920இலேயே துவக்குக்குப் பொலிஸ் சான்றிதழ் கட்டாயம் என்று சட்டம் செய்துவிட்டது. கழகம், பூட்டு, பதிவேடு, பொலிஸ் எல்லாம் இருந்தன. இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறென்ன என்றுதான் தோன்றும்.

1996 மார்ச் 13, ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் ஊரின் ஆரம்பப் பாடசாலை. உடற்பயிற்சி மண்டபத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள். ஐந்து, ஆறு வயது. ஒருவன் நான்கு கைத்துப்பாக்கிகளோடு உள்ளே வந்தான். 16 பிள்ளைகளும் அவர்களது ஆசிரியையும் இறந்தார்கள். அவன் கழக உறுப்பினன். அவனது துவக்குகள் எல்லாம் அனுமதிப்பத்திரம் உள்ளவை. 1991இலேயே ஒரு பொலிஸ் அதிகாரி, இவனுடைய பத்திரத்தை மீளப்பெற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதம் கடிதமாகவே இருந்தது.

அதன் பிறகு அந்த நாட்டு மக்கள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைச் சேர்த்தார்கள். 1997இல் இரண்டு சட்டங்கள் வந்தன. சிறிய ரவைக்குரியவை உட்படக் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்யப்பட்டன. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் நட்ட ஈட்டுக்குக் கையளிக்கப்பட்டன. கையளித்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். வாழ்நாள் பொழுதுபோக்கை இழந்தவர்கள். அவர்களுடைய கவலையையும் நான் சிறிதாக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் வகுப்பறைக்குள் நுழையும் ஆள் என்ற முறையில் கேட்டால், அந்த மண்டபத்திலிருந்தே என் பதிலைச் சொல்வேன். அங்கே பிள்ளைகளோடு நின்றவர் ஓர் ஆசிரியை.

நம் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். உம்மாவின் வாப்பா, நாங்கள் "அப்பா" என்று அழைப்பவர், காய்கறித் தோட்டம் செய்தவர். பன்றிக்காக ஒற்றைக்குழல் துவக்கொன்று வைத்திருந்தார். வருடா வருடம் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைப்பார். அந்த 88, 89 காலத்தில் ஓர் இரவு ஆயுதம் தேடி வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். கொடுத்துவிட்டார். கொடுக்காமல் இருக்க முடியாத காலம்.

உயிர் தப்பியது. துவக்கு திரும்பி வரவில்லை. ஆனால் மௌத்தாகும் வரை அவருக்கு ஒரு கேள்வி இருந்ததாக உம்மா சொல்வார். "என்ட துவக்கால யாரைச் சுட்டாங்களோ?" பக்கத்து ஊரில் ஒரு சாவுச் செய்தி வந்தாலும் அவர் முகம் மாறிவிடுமாம். அந்தத் துவக்கை அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. அதன் மீதி விலையை அவர் எப்படிச் செலுத்தினார் என்று மட்டும் தெரியும்.

தியத்தலாவைக் கைதிகளில் ஒருவரின் முடிவு இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. 1902 மே மாதம் சமாதானம் ஆனபோது, பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் ஊர் திரும்பினார்கள். எங்கெல்பிரெக்ட் என்ற போயர் பிரமாணம் செய்ய மறுத்து இங்கேயே தங்கிவிட்டார். யால காட்டின் முதலாவது காவலர் அவர்தான். முதலாம் உலகப் போரின்போது எம்டன் என்ற ஜேர்மன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற பொய்ச் சந்தேகத்தில் கொஞ்சக் காலம் சிறையிலும் இருந்தார். 1922இல் அம்பாந்தோட்டையில் இறந்தார். சுட்டுப் பழகிய ஒரு மனிதன் கடைசியில் செய்த வேலை, சுட வருகிறவர்களைத் தடுப்பது.

மகன், நீ கேட்டது "எப்படிச் சல்லி?" என்று. சல்லிக் கணக்கைச் சொல்லிவிட்டேன். அடுத்த முறை அந்தக் காணொளியைப் பார்க்கும்போது, சுவரில் உள்ள ஒவ்வொரு துவக்கும் இதற்கு முன் யார் கையில் இருந்தது, ஏன் இவ்வளவு மலிவாக வந்தது என்று யோசித்துப் பார். வரலாறு படிப்பதென்றால் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான்.

உறவுகளே, தியத்தலாவை முகாம் பற்றி உங்கள் மூத்தவர்கள் சொன்ன கதைகள் ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்ல உதவும்.